முதல் பாட்டிலேயே மேல் ஸட்ஜம்: அனிமேஷன் பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் லேப்டாப்பிலேயே அனிமேஷன் குறும்படம் செய்யும் பிள்ளைகள் மெட்டுக்காக என்னைத் தேடி வருகிறார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் இடறிய இடத்திலேயே இவர்களும் இடறுகிறார்கள். சுருதி விலகுவது, தாளம் தவறுவது எல்லாம் சாதகம் செய்தால் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

உச்ச சுரத்தை முதலிலேயே செலவழிப்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஒரு குழுவின் கதை இது: வாத்து மேய்க்கும் வீட்டுச் சிறுமிக்குக் கொள்ளிடத்தில் இறங்கவே பயம். கடைசியில் தானே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போகிறாள். முதல் பாட்டு கரையில், மோகன ராகத்தில். பல்லவியின் இரண்டாவது வரியிலேயே ஸரிகமபதநி முடிந்ததும் வரும் மேல் ஸட்ஜத்தைத் ('ஸ') தாண்டி, மேல் காந்தாரத்தில் ('க') நீளமாக ஒரு கார்வை, அதாவது அதே சுரத்தில் நிற்பது. கேட்க அருமைதான். ஆனால் அவள் இன்னும் காலைக்கூட நனைக்கவில்லையே! தைரியம் வந்த பிறகு பாட என்ன மிச்சம்?

கடைசிப் பாட்டுக்குச் சுருதியை ஐந்தரைக் கட்டையிலிருந்து ஆறரைக்கு ஏற்றினார்கள் (கட்டை கூடினால் குரலும் அந்த அளவுக்கு மேலே போக வேண்டும்). பாடிய குழந்தை பாவம், கத்தியது. பயம் தெளிந்த குரலாக இல்லை; பயத்தில் அலறுவது போலிருந்தது.

முதல் பாட்டு தைவதம் ('த') வரை போய், மேல் ஸட்ஜத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பஞ்சமத்துக்கே ('ப') திரும்பியிருக்க வேண்டும். ஆசை இருக்கிறது, துணிச்சல் இல்லை என்பதை அதுவே சொல்லிவிடும். கடைசிப் பாட்டில் அதே 'க ப த' வரட்டும். இந்தத் தடவை திரும்பாமல் மேலே ஏறி நிற்கட்டும். தோடி ராகம் வாசிக்கும் நாகசுரக்காரர் மேல் ஸட்ஜத்துக்கு எவ்வளவு நேரம் காக்க வைப்பார்! அதைக் கேட்டு வளர்ந்த ஊர்ப் பிள்ளைகள் இப்படி அவசரப்பட்டால் எப்படி?

சரி, அப்புறமாகத் திருத்திக்கொள்ளலாமே என்றால், அனிமேஷனில் பாட்டைப் பதிவு செய்த பிறகுதான் படம் வரைவார்கள். நொடிக்கு 24 ஃபிரேம். நிமிடத்துக்கு 120 தாள அடி வேகம் என்றால் ஒரு அடிக்கு 12 ஃபிரேம். அந்தக் கார்வைக்காகச் சிறுமி வாயை அகலத் திறந்து கையை விரிக்க, வாத்துக் கூட்டம் மொத்தமும் சிறகடிக்க, எல்லாம் வரைந்து முடித்திருந்தார்கள். மெட்டை இறக்கினால் அத்தனையும் வீண். மாற்ற மனசு வராமல் அப்படியே வெளியிட்டார்கள்.

சோகம் என்றால் சுபபந்துவராளி

சோகமா, சுபபந்துவராளி ராகம் என்று, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது போல ராகம் கொடுக்காதீர்கள். 2017இல் வந்த 'கோகோ' படத்தில் 'ரிமெம்பர் மீ' பாட்டு முதலில் மேடைப் பகட்டோடு வரும். பிறகு அதே மெட்டு, அப்பா கிடாரோடு மகளுக்குப் பாடும் தாலாட்டாக வரும். மாறியது வேகமும் வாத்தியமும் குரலின் அடக்கமும்தான். கடைசியில் மிகேல் அதைக் கொள்ளுப்பாட்டியிடம் பாடும்போது நமக்குக் கண் கலங்குகிறதே, புது ராகத்தாலா? பாத்திரம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெரிய, காதில் ஏற்கெனவே பதிந்த மெட்டு திரும்ப வர வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புது ராகம் என்று அடுக்கினால் ராகமாலிகைதான் மிஞ்சும்.

குறிலை இழுப்பது

'பசி' என்று அழும் குழந்தை 'பாசி' என்று பாடும். சொல்லை மாற்றுங்கள், இல்லையென்றால் மெட்டை.

எல்லா வரியிலும் கமகம்

கமகம் என்றால் சுரத்தை அசைத்துப் பாடுவது. எல்லா வரியிலும் வேண்டாம். பேசுகிற வாத்துக்கு எதற்கு அவ்வளவு அசைவு?

கதையைப் பூட்டிவிட்டு மெட்டுக்கு வருவது

2013இல் வந்த 'ஃப்ரோசன்' படத்தில் எல்சாவை முதலில் வில்லியாகத்தான் வைத்திருந்தார்கள். 'லெட் இட் கோ' பாட்டு வந்த பிறகு அவள் பாத்திரத்தையே மாற்றிக் கதையைத் திருத்தினார்கள். அப்படி மாற்றிக்கொள்ள உங்கள் கதையிலும் இடம் இருக்கட்டும். ஸ்டோரிபோர்டு பென்சில் கோடாக இருக்கும்போதே வாருங்கள். எல்லாப் பாட்டையும் போனில் ஹம்மிங்காகப் பதிவு செய்து, வரிசையாக ஒரே மூச்சில் ஓட்டிக் கேட்டுவிட்டு, அப்புறம் வரைய உட்காருங்கள்.