டிமென்ஷியா (ஞாபகமும் யோசிக்கற திறனும் குறைஞ்சுக்கிட்டே போற நோய்) இருக்கறவங்களை ஆராய்ச்சியில பார்ட்னரா சேர்த்துக்கறது எப்படி

ரத்தம் குடுக்கறது, ஸ்கேன் எடுத்துக்கறது, ஃபார்ம்ல டிக் அடிக்கறது எல்லாம் ஆராய்ச்சியில கலந்துக்கறது மட்டும்தான். பார்ட்னர்னா எந்தக் கேள்வியை ஆராயணும்னு முடிவு பண்ற எடத்துலயே அவங்க உக்காந்திருக்கணும், ப்ரொபோசல் எழுதி பணமும் சாங்ஷன் ஆனப்புறம் கூப்ட்டு கருத்து கேட்டா அது ஒப்புக்குச் சப்பாணிதான்.

அவங்களால முடியுமான்னு இழுக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஸ்காட்டிஷ் டிமென்ஷியா வொர்க்கிங் க்ரூப்னு டிமென்ஷியா இருக்கறவங்களே நடத்தற குழு 2002லயே வந்தாச்சு, எங்களை ஆராய்ச்சியில இப்படித்தான் சேர்த்துக்கணும்னு 2014ல அவங்களே கொள்கை எழுதி வெளியிட்டாங்க. அதனால ஆள் தேடறப்போ முதல்ல இந்த மாதிரி குழு பக்கத்துல இருக்கான்னு பாருங்க.

மீட்டிங்தான் பெரிய வேலை. அஜெண்டா ஒரே பக்கம், பெரிய எழுத்துல, ஒரு வாரம் முன்னாடியே போகட்டும், அன்னிக்குக் காலைல ஒரு போனும் போடுங்க. சத்தம் எதிரொலிக்காத ரூம் வேணும், கதவுகிட்ட கறுப்பு மேட் இருந்தா எடுத்துடுங்க, சிலருக்கு அது பள்ளம் மாதிரி தெரியும். முக்கியமா, கேள்வி கேட்டுட்டு வாயை மூடிட்டு இருங்க! நான் ஆரம்பத்துல ரெண்டு செகண்ட் கூட பொறுக்காம அடுத்த கேள்விக்குத் தாவிடுவேன், ஒரு அம்மா கையைத் தூக்கி "முதல் கேள்விக்கே இன்னும் யோசிச்சிட்டு இருக்கேன்"னாங்க, அன்னிலேர்ந்து பேனாவைக் கீழ வச்சுட்டுக் காத்திருக்கேன்.

கூட வர்ற மகளோ கணவரோ முந்திக்கிட்டு பதில் சொல்லுவாங்க, பாசம்தான், ஆனா கூட வந்தவங்க கருத்தைத் தனியா கேட்டுக்கலாம்.

ஆராய்ச்சியில கலந்துக்க வர்றவங்களுக்கு விளக்கற தகவல் தாளை டிமென்ஷியா இருக்கற பார்ட்னர்கள் கையில குடுத்து திருத்தச் சொல்லுங்க. "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படுவீர்கள்"னு நாங்க எழுதியிருந்ததை அடிச்சுட்டு "காசு சுண்டிப் போடற மாதிரி, எந்த க்ரூப்னு யாரும் தேர்ந்தெடுக்க முடியாது"ன்னு மாத்தினாங்க. நாங்க படிச்ச படிப்புக்கு இது தோணல.

சம்மதம் ஒருதடவை கையெழுத்தோட முடியாது, ஒவ்வொரு தடவையும் கேக்கணும். வாய் சரின்னு சொன்னாலும் முகம் சுருங்குதா, நாற்காலியிலேர்ந்து எந்திரிக்கப் பாக்கறாங்களான்னு கவனிச்சு நிறுத்துங்க.

போக்குவரத்துச் செலவு, நேரத்துக்கான பணம், ரெண்டும் தள்ளிப்போடாம குடுத்துடுங்க. நோய் கூடிக்கிட்டே போகும், அதனால எப்ப விலகிக்கலாம், அதுக்கப்புறம் ரிசல்ட்டை யாருக்கு அனுப்பணும்னு முதல் மாசமே பேசி எழுதி வச்சுக்கோங்க.