இரண்டாவது குழந்தைக்கும் உதவும் ஸ்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதல் குழந்தைக்காக ஸ்ட்ரோலர் வாங்கச் செல்லும் பெற்றோர் பெரும்பாலும் அந்த ஒரு குழந்தையை மட்டுமே மனத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தை சிறிது தூரம் நடந்துவிட்டுத் தூக்கச் சொல்லும் வயதிலேயே இருப்பதால், வாங்கிய வண்டியில் இருவருக்கும் இடமில்லாமல் போகிறது. ஒற்றை இருக்கையில் தொடங்கி, தேவை வரும்போது இரண்டாவது இருக்கையையும் பொருத்திக்கொள்ளக்கூடிய ஸ்ட்ரோலர்கள் இதற்காகவே விற்கப்படுகின்றன. ஆனால், இருபது விதமாக மாற்றலாம் என்று பெட்டியின் மீது அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி அவற்றை வாங்கக் கூடாது. உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் தேவைப்படப்போவது அவற்றில் மூன்றோ நான்கோதான். அவை சரியாக அமைகின்றனவா என்பதை முதன்முறையாக வாங்குபவர்களும் தாங்களே சோதித்து அறிந்துகொள்ளலாம்.

படி 1: குழந்தைகளுக்கு இடையிலான வயது வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது இதுதான். இரட்டைக் குழந்தைகள் என்றால், பிறந்த நாள் முதலே இருவரையும் படுக்க வைக்கும் வசதி வேண்டும். வித்தியாசம் இரண்டு வயதுக்குள் இருந்தால், இரண்டு முழு இருக்கைகள் நெடுங்காலம் பயன்படும். மூன்று வயதுக்கு மேல் வித்தியாசம் இருக்கும் என்று தெரிந்தால், மாற்றியமைக்கும் ஸ்ட்ரோலருக்காகக் கூடுதல் பணமும் கூடுதல் எடையும் சுமப்பது வீண் என்பதே என் கருத்து. அந்த வயதுக் குழந்தைக்கு, வண்டியின் பின்புறம் மாட்டி அதன் மேல் நின்றபடி வரக்கூடிய சக்கரப் பலகை ஒன்று போதும். இப்பலகைகளில் பலவும் ஏறத்தாழ 20 கிலோ வரை தாங்கும்.

படி 2: வீட்டையும் காரையும் அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் ஓர் அளவு நாடாவை எடுத்து, வீட்டு வாசல், லிஃப்ட் கதவு, அடிக்கடி செல்லும் மருத்துவமனை அல்லது கடையின் நுழைவாயில் ஆகியவற்றில் மிகக் குறுகியது எது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இருக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் அமைந்த வண்டிகள் பொதுவாக 75 சென்டிமீட்டர் அளவுக்கு அகலமாக இருக்கும். முன்பின்னாக அமைந்தவை ஒற்றை வண்டியின் அகலத்திலேயே அடங்கிவிடும், ஆனால் நீளம் கூடுவதால் சிறிய லிஃப்டில் திருப்புவதற்குச் சிரமமாக இருக்கும். கார் இருந்தால் டிக்கியின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்துகொள்வது அவசியம்.

படி 3: பிறந்த குழந்தைக்கு ஏற்றதா என்று பாருங்கள்

பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. சாய்ந்த இருக்கையில் உட்கார வைத்தால், தலை முன்னால் கவிழ்ந்து, தாடை மார்பைத் தொட்டு, மூச்சுக்குழல் ஒடுங்கும் அபாயம் உண்டு. ஆகவே, கேரிகாட் எனப்படும் தட்டையான படுக்கைத் தொட்டிலைப் பொருத்தும் வசதியோ, முழுவதும் தட்டையாகச் சாயும் இருக்கையோ இருக்க வேண்டும். குழந்தை பிடிப்பின்றித் தானாக உட்காரும் வரை, அதாவது பெரும்பாலும் ஆறு மாதம் வரை, இது தேவைப்படும்.

கார் சீட்டை அப்படியே எடுத்து வண்டியின் மீது மாட்டும் வசதி பலருக்குப் பிடித்திருக்கிறது. காரில் தூங்கிவிட்ட குழந்தையை எழுப்பாமல் கடைக்குள் கொண்டுபோக அது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதைத் தூங்கும் இடமாகக் கருதக் கூடாது. வந்து சேர்ந்தவுடன் குழந்தையைத் தட்டையான இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

படி 4: இரண்டாவது இருக்கையை நேரில் மாட்டிப் பாருங்கள்

இந்த வகை வண்டிகளின் தரம் வெளிப்படுவது இங்கேதான். கடைகளில் பெரும்பாலும் ஒற்றை இருக்கையுடன்தான் வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்த நிலையில் எல்லா வண்டிகளும் அழகாகவே தெரியும். இரண்டாவது இருக்கையையும் அதைச் சட்டகத்தில் பொருத்த உதவும் இணைப்புத் துண்டுகளான அடாப்டர்களையும் எடுத்துவரச் சொல்லி, உங்கள் கையாலேயே மாட்டுங்கள்.

மாட்டியதும் கீழ் இருக்கையின் மட்டத்துக்குக் குனிந்து, குழந்தையின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று பாருங்கள். சில வண்டிகளில் மேல் இருக்கையின் அடிப்பாகம் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். காற்றும் வெளிச்சமும் குறையும். இரண்டு வயதுக் குழந்தை அதில் ஐந்து நிமிடம்கூடப் பொறுமையாக உட்காராது. கால் வைக்க இடம் இருக்கிறதா, கால் சக்கரத்தில் உரசுமா, மேல் இருக்கையைப் பின்னால் சாய்த்தால் கீழே இருப்பவர் தலையில் இடிக்குமா என்பதையும் கவனியுங்கள். கீழே இருந்த பொருள் கூடையில் பாதிக்கு மேல் இரண்டாவது இருக்கைக்கே போய்விடுவதும் வழக்கம்.

அடுத்து எடை வரம்பு. ஒவ்வோர் இருக்கைக்கும் வரம்பு ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். கூடுதலாக மாட்டப்படும் இருக்கைக்குக் குறைந்த வரம்பு இருக்கக்கூடும். அப்படியிருந்தால் மூத்த குழந்தையை எந்த இருக்கையில் வைப்பது என்பதை அந்த எண்ணே முடிவு செய்துவிடும். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1888இன் முதல் பகுதி 15 கிலோ வரையிலான குழந்தைகளுக்கும், இரண்டாம் பகுதி 15 கிலோவுக்கு மேல் 22 கிலோ வரையிலானவர்களுக்கும் உரியது. நெடுநாள் பயன்பாட்டை எதிர்பார்ப்பவர்கள் இரண்டாம் பகுதிக்கும் உட்பட்டதா என்று கேட்டுப் பார்க்கலாம். எந்த இருக்கையை எந்தப் பக்கம் பார்த்து மாட்டலாம், இரண்டு கேரிகாட்டுகளை ஒன்றாக மாட்டலாமா என்ற விவரங்கள் கையேட்டில் படமாகவே இருக்கும். விற்பனையாளரின் வாய்மொழியைவிட அந்தப் படத்தை நம்புங்கள்.

படி 5: பிரேக், பெல்ட், கீல்

பிரேக்கை ஒரே மிதியில் போட முடிய வேண்டும். அது இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரநிலையான ஏ.எஸ். என்.இசட்.எஸ். 2088, பிரேக் மிதி சிவப்பு நிறத்தில் இருப்பதையும், தள்ளுபவரின் மணிக்கட்டில் மாட்டும் பட்டை இருப்பதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. சரிவான பாதையில் கை நழுவினாலும் அந்தப் பட்டை வண்டியை ஓடவிடாது என்பதால், எங்கே வாங்கினாலும் அப்படி ஒன்று உண்டா என்று பார்ப்பது நல்லது. பெல்ட் ஐந்து முனை கொண்டதாக, இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு இடையில் ஒன்று என்று அமைந்திருக்க வேண்டும்.

மடிக்கும் கீல்களைப் பலரும் கவனிப்பதில்லை. 2009இல் அமெரிக்காவில், கீல்களில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனிகள் துண்டானதாகப் புகார்கள் வந்ததையடுத்து, சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்கள் திரும்பப் பெறப்பட்டன. இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில், நீங்கள் வண்டியை விரிக்கும்போது மூத்த குழந்தை பக்கத்திலேயே நின்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம். கீல்களுக்கு மூடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தையைத் தள்ளி நிற்கச் செய்யும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள்.

படி 6: பாரத்தோடு தள்ளிப் பாருங்கள்

காலி வண்டியைத் தள்ளிப் பார்ப்பதால் பயனில்லை. இரண்டு இருக்கைகளிலும் குழந்தைகளின் எடைக்கு ஈடான பைகளை வைத்துக் கட்டிவிட்டு, ஒரு கையால் தள்ளுங்கள், திருப்புங்கள். பிறகு நடைபாதை விளிம்பு போன்ற ஒரு படியில் ஏற்றிப் பாருங்கள். கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது முன் சக்கரங்கள் எளிதாக மேலெழ வேண்டும். கூடுதல் இருக்கை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளில் பாரம் முழுவதும் முன் சக்கரங்களின் மேல் விழுவதால், உடம்பின் எடையையே போட்டு அழுத்த வேண்டியிருக்கும். பிரசவம் முடிந்த சில வாரங்களில் அது தாய்க்கு நல்லதல்ல. வண்டியைத் தள்ளப்போகும் அனைவரும், உயரமானவரும் குட்டையானவரும், கைப்பிடியின் உயரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

மடித்தும் பாருங்கள். இரண்டாவது இருக்கையைக் கழற்றினால்தான் மடிக்க முடியும் என்ற வண்டிகள் பல உண்டு. காரில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் இருக்கை ஒரு பக்கம், சட்டகம் ஒரு பக்கம் என்று இரண்டு சுமைகளாகத் தூக்க வேண்டிவரும்.

கடையில் கைப்பிடியில் பையை மாட்டிக் காட்டுவார்கள். குழந்தையை இறக்கியதும் அந்தப் பையின் எடையே வண்டியைப் பின்னால் சாய்த்துவிடும் என்பதால், பொருள்களைக் கீழ்க் கூடையில்தான் வைக்க வேண்டும்.

படி 7: உதிரிகளைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள்

இரண்டாவது இருக்கையை இன்று வாங்கத் தேவையில்லை. ஆனால் தேவைப்படும் நாளில் அது கிடைக்க வேண்டும். மாடல்கள் மாறும்போது பழைய சட்டகத்துக்குப் புதிய இருக்கை பொருந்தாமல் போகலாம். வண்டியின் மாடல் எண்ணையும் தயாரிப்புத் தேதியையும் குறித்துக்கொண்டு, அந்தத் தேதிக்குரிய சட்டகத்தில் இப்போதைய கூடுதல் இருக்கை பொருந்துமா என்று நிறுவனத்திடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். பயன்படுத்திய வண்டியை வாங்கும்போது இது இன்னும் முக்கியம். அதோடு அந்த மாடல் எப்போதாவது திரும்பப் பெறப்பட்டதா என்றும் தேடிப் பார்க்க வேண்டும்.

வாங்கி வந்தபின் உங்கள் பெயரில் வண்டியைப் பதிவு செய்துவிட்டால், பின்னாளில் குறை ஏதும் கண்டுபிடிக்கப்படும்போது நிறுவனம் உங்களுக்குத் தெரிவிக்க முடியும். இப்போது பயன்படாத அடாப்டர்களையும் கையேட்டையும் ஒரே பையில் போட்டு, மாடல் எண்ணை அதன் மேல் எழுதி வையுங்கள்.