மலைக்கோட்டைக்கு மேலே வெள்ளியும் வியாழனும்: படம் எடுக்க ஒரு வழிகாட்டி

இரண்டு கோள்கள் நெருங்கி நிற்பதை வானத்தோடு மட்டும் படம் எடுத்தால் கிடைப்பது இரண்டு வெள்ளைப் புள்ளிகள். லென்ஸுக்கு எத்தனை ஆயிரம் கொட்டினாலும் அவ்வளவுதான். என்னிடம் இருக்கும் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸை முழுக்க நீட்டினாலும் வியாழன் ஏறக்குறைய பத்துப் பிக்சல் அகலம்தான் வரும். வெள்ளி அதில் பாதிகூடத் தேறாது. அதனால் ‘எந்த கேமரா?’ என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ‘எந்த இடத்தில் நிற்கப் போகிறீர்கள்?’ என்பதைத்தான். கீழே ஒரு கோபுரமோ பாறையோ பனைமரமோ இருந்தால்தான் அந்தப் புள்ளிகளுக்கு ஒரு ஊர் கிடைக்கும்.

என் ஊர் திருச்சி. அதனால் மலைக்கோட்டையை வைத்தே சொல்கிறேன். கோள்களுக்கு 2026 ஜூன் 9 மாலையை எடுத்துக்கொள்வோம். மேற்கே வெள்ளியும் வியாழனும் சுமார் ஒன்றரை டிகிரி இடைவெளியில் நிற்கும் நாள். கையை நீட்டி சுண்டு விரலைப் பிடித்தால் அதன் அகலம் ஒரு டிகிரி, மூடிய முஷ்டி பத்து டிகிரி. இந்த இரண்டு அளவும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டாம். அங்கே இரண்டு கிரகமும் ஒரே ராசியில் இருந்தாலே சேர்க்கைதான், ஆனால் ஒரு ராசியின் அகலம் 30 டிகிரி. ஸ்டெல்லேரியம் ஆப்பில் ஊரையும் தேதியையும் போட்டால் இடைவெளி, உயரம், திசை மூன்றும் வந்துவிடும்.

ஜூன் 9 அன்று திருச்சியில் சூரியன் மறைவது 6.35-ஐ ஒட்டி. ஏழு மணிக்கு வெள்ளி அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 28 டிகிரி உயரத்தில், மேற்குக்குச் சற்று வடக்கே தள்ளி இருக்கும். அதாவது மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் நாம் பாறைக்குக் கிழக்கே, கொஞ்சம் தெற்குத் தள்ளி ஒரு மொட்டை மாடியைப் பிடிக்க வேண்டும். கீழ ஆண்டார் வீதிப் பக்கமும் அதைத் தாண்டி ஈ.பி. ரோடு பக்கமும் தேடலாம். எவ்வளவு தூரத்தில் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: பொருளின் உயரத்தை 57-ஆல் பெருக்கி, நிற்கும் தூரத்தால் வகுத்தால் அது எத்தனை டிகிரி தெரியும் என்று வரும். பாறையின் உயரம் சுமார் 83 மீட்டர். 300 மீட்டரில் நின்றால் 15 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. 800 மீட்டரில் 6 டிகிரி. மூன்றாவது மாடியில் நின்றால் அந்த உயரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ஏழு மணிக்கு வானம் நீலமாக இருக்கும், ஆனால் கோள்கள் உயரத்தில். கிட்ட நின்று, 18-55 கிட் லென்ஸை 35 மி.மீ.யில் வைத்து, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் படச் சட்டம் ஏறக்குறைய 36 டிகிரி உயரம் கொள்ளும். பாறை கீழே, ஜோடி மேலே. எட்டேகாலுக்கு மேல் கோள்கள் பத்து டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது 800 மீட்டரிலிருந்து ஜூம் போட்டு உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு நேர் மேலே கொண்டுவரலாம். ஆனால் வானம் கறுத்திருக்கும், ஊர் விளக்கின் மஞ்சள் வேறு சேரும். நான் எப்போதும் முதல் கட்சி. நம் பக்கத்தில் அந்தி சட்டென்று முடிந்துவிடும். 6.55-க்கும் 7.20-க்கும் நடுவில் கிடைக்கும் நீலத்துக்காக மற்றதை விட்டுக்கொடுக்கலாம்.

அந்த நீலத்தில் இன்னொரு வரவும் உண்டு. அன்று புதனும் மேற்கில்தான். வெள்ளிக்குக் கீழே, சற்று வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றரை முஷ்டியைத் தொடாத தூரத்தில். 300 மீட்டரில் நிற்கிறவருக்கு அது பாறை உச்சியை ஒட்டி விழும். மறைகிற மாதிரி இருந்தால் பத்திருபது மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் போதும்.

மாடிக்கு முன்தினமே போய்ப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கும்போது ‘நட்சத்திரம் பார்க்கணும்’ என்று சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ‘குருவும் சுக்கிரனும் பக்கத்தில் வருது’ என்றால் கதவு திறந்துவிடும். என்னை மாடிக்கு விட்ட அண்ணன், ‘சேர்ந்தா நல்லதா கெட்டதாப்பா?’ என்றார். அதை ஜோசியரிடம் விட்டுவிட்டேன். நான் அவரிடம் கேட்டது தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று. சிரிக்காதீர்கள். மோட்டார் ஓடினால் தளம் அதிரும், அதிர்ந்தால் 200 மி.மீ.யில் வெள்ளி ஒரு புழுவாக நெளிந்து பதியும். டிரைபாடை மாடியின் நடுவில் வைக்காமல் கீழே சுவரோ தூணோ வருகிற ஓரமாக வையுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது யாரும் நடக்கக் கூடாது. வைகாசிக் கடைசியிலேயே மேல்காற்று கிளம்பிவிடும் என்பதால் டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல், கேமரா பையை அதில் தொங்கவிட்டு, பை தரையைத் தொடும்படி வைத்தால் ஆடாது. கொடிக்கயிறு சட்டத்தில் விழுகிறதா என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஃபோகஸ்தான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். ஆட்டோவை நிறுத்துங்கள். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் நேரடியாகப் பார்க்கும் முறை) வெள்ளியைத் திரைக்கு நடுவில் கொண்டுவந்து பத்து மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மெல்லத் திருப்பும்போது வெள்ளி ஊதிப் பெருக்கும், பிறகு சுருங்கும், மறுபடி பெருக்கும். மிகச் சிறிதாகச் சுருங்குகிற இடமே சரி. அங்கே நிறுத்தி, எலக்ட்ரீஷியன் டேப்பை ஒரு துண்டு கிழித்து வளையத்தில் ஒட்டிவிடுங்கள். லென்ஸில் முடிவிலிக் குறி இருந்தாலும் அதை நம்பாதீர்கள். பாறையும் கோளும் இதே ஃபோகஸில் தெளிவாக விழும். மாடியின் கைப்பிடிச் சுவர் விழாது, அதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள். டிரைபாடில் ஏறியதும் கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசரை அணையுங்கள்.

எக்ஸ்போஷருக்கு ஒரு தொடக்கம் தருகிறேன்: அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 4-ஐ ஒட்டி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, ஷட்டர் கால் வினாடி. இருட்ட இருட்ட அரை வினாடி, ஒரு வினாடி என்று கூட்டுங்கள். இரண்டு வினாடி டைமர் அல்லது ரிமோட், ரா ஃபைல் (கேமரா சுருக்காத மூலப் படம்), நிறச் சமநிலைக்கான ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சத்தில். பூமி சுற்றுவதால் புள்ளி கோடாக இழுபடும்; அதற்கு எல்லை லென்ஸைப் பொறுத்தது. 18 மி.மீ.யில் பத்து வினாடிவரை தாங்கும், 200-ல் ஒரு வினாடியைத் தாண்டாதீர்கள். திரையில் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். அதிக வெளிச்சத்தில் எல்லாக் கோளும் ஒரே வெள்ளையாகிவிடும். அளவாக எடுத்தால் வெள்ளி வெண்மையாகவும் வியாழன் லேசான பால் ஏடு நிறத்திலும் தனித்தனியாகத் தெரியும். கோளைச் சுற்றிக் கதிர்கள் வேண்டும் என்றால் எஃப் 8-க்குப் போகலாம். எனக்கு அந்த அலங்காரம் பிடிப்பதில்லை.

நீலம் போன பிறகு மூட்டை கட்டிவிடாதீர்கள். 250 மி.மீ., ஐஎஸ்ஓ 800, அரை வினாடி. படத்தைப் பெரிதாக்கினால் வியாழனுக்குப் பக்கத்தில் ஒரே வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகள். 1610-ல் கலிலியோ தொலைநோக்கியில் கண்ட அதே நிலாக்கள்தான். அன்று எந்தெந்த நிலா எந்தப் பக்கம் என்று ஸ்டெல்லேரியத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வலப்பக்கம் பார்த்தால் புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களும் தெரியும்.

செல்போன்காரர்களுக்கு: ப்ரோ மோட், ஐஎஸ்ஓ 200 அல்லது 400, அரை வினாடி, மலைப்படம் போட்ட ஃபோகஸ், மூன்று வினாடி டைமர், போனைச் சுவரில் சாய்த்து வைக்க ஒரு செங்கல். ஜூம் வேண்டாம், போன் இல்லாததையெல்லாம் வரைந்து வைக்கும். ஒன்றரை டிகிரி இடைவெளி போனுக்குத் தாராளம். 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் நெருங்கியது டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கு. 1623-க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் அதுதான். போனில் அது ஒரே புள்ளிதான். அப்படிப்பட்ட நாளுக்குத்தான் நீள லென்ஸ் தேவை.

மேகத்துக்குப் பயந்து ஒரே நாளை நம்பியிருக்கவும் வேண்டாம். வியாழனை நோக்கி வெள்ளி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி நகரும். முன்னும் பின்னும் நான்கு நாள், அதே மாடி, அதே நேரம், அதே லென்ஸ் என்று எடுத்தால், ஒன்று மேகத்தில் போனாலும் வெள்ளி வியாழனைத் தாண்டிப் போகிற தொடர் கிடைக்கும். டிரைபாட் கால்கள் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். ஜூன் 16, 17 மாலைகளில் பிறையும் வந்து சேரும். பிறையின் இருண்ட பக்கமும் மங்கலாகத் தெரிய வேண்டுமென்றால் எஃப் 4, ஐஎஸ்ஓ 800, ஒரு வினாடி கொடுங்கள்; வெளிச்சக் கீற்று வெளுத்துத்தான் போகும், பரவாயில்லை.

கடைசியாக, படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்குகிற சுருக்கில் முதலில் காணாமல் போவது புதன்தான்.