19,000 கெல்வின் தங்கத்தின் வெப்பநிலையைக் கணக்கிடுவது எப்படி?

2025 ஜூலையில் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு பலருக்கும் நினைவிருக்கும். கலிஃபோர்னியாவின் எஸ்எல்ஏசி ஆய்வகத்தில், 50 நானோமீட்டர் தடிமனுள்ள தங்கப் படலத்தை 45 ஃபெம்டோ நொடி (ஒரு ஃபெம்டோ நொடி என்பது பிக்கோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) லேசர் துடிப்பால் சூடாக்கினார்கள். தங்கம் 1,337 கெல்வினில் உருகிவிடும். இவர்கள் அளந்தது சுமார் 19,000 கெல்வின், அப்போதும் தங்கம் படிகமாகவே இருந்தது! உருகுநிலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் எந்தத் திடப்பொருளும் திடமாக நீடிக்க முடியாது என்று 1988இல் ஃபெக்ட், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணித்திருந்தார்கள். இங்கே 14 மடங்கு.

படித்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி, அந்த 19,000 எங்கிருந்து வந்தது என்பதுதான். கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில் இரண்டு வாரம் சிக்கிக்கொண்டேன். அந்த இடத்தை நீங்கள் ஒரே மாலையில் கடந்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். டாப்ளர் விளைவும் காஸியன் வளைவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏன் எக்ஸ் கதிர்?

சூடான பொருள் வெளிவிடும் ஒளியைப் பார்த்து வெப்பநிலை சொல்லலாமே என்று தோன்றும். அடர்ந்த பொருளில் அந்த ஒளி மேற்பரப்பின் மெல்லிய அடுக்கிலிருந்து மட்டுமே வருகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. லேசர் முதலில் எலக்ட்ரான்களைத்தான் சூடாக்கும். அவற்றிடமிருந்து அணுக்களுக்கு வெப்பம் போய்ச்சேரச் சில பிக்கோ நொடிகள் (ஒரு பிக்கோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஆகும். அதுவரை ஒரே பொருளுக்குள் இரண்டு வெப்பநிலைகள். நமக்கு வேண்டியது அணுக்களின் வெப்பநிலை. எக்ஸ் கதிர் படலத்தை ஊடுருவி, அணுக்களில் பட்டுச் சிதறும்போது அவற்றின் வேகத்தை டாப்ளர் விலகலாகச் சுமந்து வருகிறது. சூடு ஏற ஏற வேகங்கள் பரவும், சிதறிய கதிரின் நிறமாலைக் கோடு அகலமாகும்.

படி 1: தேவையான எண்களை எடுத்து வையுங்கள்

கதிரின் ஆற்றல் 7,490 எலக்ட்ரான் வோல்ட் என்று கொள்வோம். கதிர் ஏறக்குறைய வந்த வழியே திரும்பும் கோணத்தில் அளக்கிறோம். அந்தக் கோணத்தில் டாப்ளர் விலகல் இரட்டிப்பாகிறது, அதனால் கோட்டின் அகலத்தை வகுக்கும் எண் 14,980. தங்க அணுவின் நிறையை ஆற்றலாக மாற்றினால் சுமார் 183.5 கிகா எலக்ட்ரான் வோல்ட். ஒரு எலக்ட்ரான் வோல்ட் 11,604 கெல்வினுக்குச் சமம். இவ்வளவு போதும்.

படி 2: கருவியின் அகலத்தைக் கழியுங்கள்

எந்த நிறமாலைமானியும் கோட்டைத் தன் பங்குக்குக் கொஞ்சம் அகலமாக்கும். சூடாக்காத மாதிரியில் பட்டு வரும் கோட்டை வைத்து அந்தப் பங்கை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சிக்காக, பாதி உயரத்தில் கருவியின் அகலம் 50 மில்லி எலக்ட்ரான் வோல்ட், சூடான தங்கத்தில் அளந்த அகலம் 117 என்று வைத்துக்கொள்வோம். நேராக 67 என்று கழிக்கக் கூடாது. அகலங்களின் வர்க்கங்களைத்தான் கழிக்க வேண்டும்: 13,689 − 2,500 = 11,189. வர்க்கமூலம் 105.8.

கழிக்காமலே விட்டால் கடைசியில் 23,400 கெல்வின் வரும். அதுவும் நம்பும்படியான எண்தான், அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படாமல் போய்விடுகிறது.

படி 3: நான் சிக்கிய இடம்

எனக்குத் தொடர்ந்து 1,06,000 கெல்வின் வந்துகொண்டிருந்தது. நிறையைச் சரிபார்த்தேன், கோணத்தைச் சரிபார்த்தேன், அலகுகளை மூன்று முறை மாற்றினேன். எல்லாம் சரியாக இருந்தன. தவறு வேறிடத்தில் இருந்தது: சூத்திரம் (கோட்டின் அகலத்தை 14,980ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, நிறையால் பெருக்குவது) கேட்பது திட்ட விலக்கம், நான் கொடுத்தது பாதி உயர அகலம். காஸியன் வளைவில் இரண்டாவது முதலாவதைப் போல 2.355 மடங்கு. வெப்பநிலை அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் விடை 5.5 மடங்கு வீங்கிவிடுகிறது.

எனவே 105.8ஐ 2.355ஆல் வகுங்கள்: 44.9 மில்லி எலக்ட்ரான் வோல்ட். உங்கள் மென்பொருள் ‘அகலம்’ என்று காட்டுவது இரண்டில் எது என்று கையேட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். சில மென்பொருள்களில் அது மூன்றாவதாக வேறொன்றாகவும் இருக்கும்.

படி 4: வெப்பநிலை

0.0449ஐ 14,980ஆல் வகுத்தால் பத்து லட்சத்தில் மூன்று பங்கு. ஒளியின் வேகத்தால் பெருக்கினால், பார்வைத் திசையில் அணுக்களின் வேகப் பரவல் நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர். அதே பங்கை வர்க்கமாக்கி 183.5 கிகாவால் பெருக்கினால் 1.65 எலக்ட்ரான் வோல்ட். அதாவது ஏறக்குறைய 19,100 கெல்வின்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்ததே, பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்ற ஊகம் எதையும் இது பெரிதாகக் கேட்பதில்லை என்பதுதான். நிறையும் வேகமும் போதும்.

எவ்வளவு நம்பலாம்?

117க்குப் பதில் 119 என்று அளந்திருந்தால் 19,950 கெல்வின் வரும். நூற்றுக்கு நாலு பிழை, பரவாயில்லை. ஆனால் அளந்தது 55 என்றால் வெப்பநிலை 900 கெல்வின். அதே இரண்டு கூடி 57 ஆனால் 1,280! குறைந்த சூட்டில் தடுமாறும் இந்த முறை, சூடு ஏற ஏறத்தான் துல்லியமாகிறது. அறை வெப்பத் தங்கத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு ‘முறை தவறு’ என்று முடிவு கட்டாதீர்கள்.

எந்த மென்பொருள்?

மேலே சொன்ன கணக்குக்குக் கால்குலேட்டர் போதும். உண்மையான நிறமாலைக்குப் பைத்தானில் எல்எம்ஃபிட் என்ற வளைவு பொருத்தும் நிரல் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். எக்செல் வேண்டாம். ஒவ்வொரு லேசர் சுடுதலிலும் படலம் அழிந்துவிடும், சிதறி வரும் ஃபோட்டான்களும் குறைவு. அதனால் பல சுடுதல்களைக் கூட்ட வேண்டும், ஒவ்வொரு புள்ளிக்கும் எண்ணிக்கைக்கு ஏற்ற எடை கொடுக்க வேண்டும். எக்செல்லில் அது பெரும்பாடு. கருவியின் வளைவு சரியான காஸியனாக இல்லாவிட்டால் படி 2இன் கழித்தலும் செல்லாது. அளந்த கருவி வளைவையே காஸியனோடு கன்வல்யூஷன் செய்து (ஒரு வளைவை இன்னொன்றின் அகலத்தால் பரப்பிக் கலந்து) பொருத்துங்கள். நான் இப்போதெல்லாம் எப்போதுமே அப்படித்தான் செய்கிறேன்.

பிற்சேர்க்கை 1: அலுமினியத்துக்கு இதே கணக்கைப் போட்ட வாசகர் ஒருவருக்கு வெப்பநிலை கூடுதலாகவே வந்துகொண்டிருந்தது. கோட்டின் மையத்தைச் சுழியத்தில் பூட்டி வைத்திருந்தார். ஃபோட்டான் மோதும்போது அணு பின்னுக்குத் தள்ளப்படுவதால் கோடு சற்று நகரும். கனமான தங்கத்தில் அது 0.6 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான், அலுமினியத்தில் 4.5. மையத்தையும் பொருத்தலில் தளர்த்தி விடுங்கள்.

பிற்சேர்க்கை 2: படலம் விரிந்து ஓடும்போதும் கோடு அகலமாகுமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஆகும். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது பிக்கோ நொடிக்கு ஒரு நானோமீட்டர். முதல் இரண்டு பிக்கோ நொடிகளில் 50 நானோமீட்டர் படலத்தின் ஓரம் மட்டுமே கலையும், அதற்குள் எடுத்த அளவை நம்பலாம். பத்து பிக்கோ நொடிக்குப் பிறகு எடுத்த நிறமாலையில் வரும் அகலத்தை அப்படியே வெப்பநிலையாக மாற்றாதீர்கள்.