பூஞ்சை பிடித்த கல்யாணப் போட்டோவைச் சரிசெய்தது

குளச்சல் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்றால், சுவரில் மாட்டிய பழைய போட்டோவை ஈரக்காற்று சும்மா விடாது. தாத்தா பாட்டியின் கருப்பு வெள்ளைக் கல்யாணப் போட்டோ கண்ணாடியோடு ஒட்டி, பாட்டி கன்னமெல்லாம் பூஞ்சைப் புள்ளி. பிய்த்தால் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். அதனால் கண்ணாடியோடு அப்படியே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி நுணுக்கத்தில்) ஸ்கேன் செய்தேன்.

போட்டோஷாப்பில் அசலைத் தொடாமல், மேலே காலி லேயர் (அடுக்கு) போட்டு, கறையைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மறைக்கும் ஹீலிங் பிரஷ்ஷைப் புள்ளியைவிடச் சற்றே பெரிதாக வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். சேலைக்கரை மாதிரி கூரான விளிம்புகளில் அது நிறத்தை இழுகிவிடும். அங்கே பக்கத்துப் பகுதியை அப்படியே நகலெடுத்துப் பதிக்கும் குளோன் ஸ்டாம்ப்தான் சரி.

மூக்கோரம் ஒரு கரும்புள்ளி மட்டும் சந்தேகமாக இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். “அது மச்சம்லா, எடுத்துராத மக்களே!” என்றாள். விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்திலேயே ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலால் முகச்சுருக்கத்தை மறைத்தார்கள், ரீடச்சிங் புதிதல்ல. ஆனால் பாட்டியை வெள்ளையாக்கச் சொன்ன உறவினருக்கு நான் சம்மதிக்கவில்லை. காலம் போட்ட கறையை எடுக்கலாம், பாட்டியின் நிறத்தை எடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

அப்புறம், புதிய பிரிண்டைக் கண்ணாடியில் படாதபடி ஓரத்தில் அட்டை வைத்து ஃபிரேம் போட்டாயிற்று.