டென்வர் நக்கெட்ஸ் மட்ச் பாக்க பழகுறது எப்பிடி (கொழும்பு ஆக்களுக்கு)

முதல்ல நேரத்த விளங்கிக்கொள்ளுங்கோ, ஏனெண்டா என்பிஏ (அமெரிக்க பாஸ்கட்போல் லீக்) பாக்க ஆசைப்படுற நிறையப்பேர் இதிலயே கைய விட்டிடுறாங்க. டென்வர்ல இரவு 7 மணி மட்ச் எண்டா குளிர்காலத்தில எங்களுக்கு அடுத்த நாள் காலம்பற 7.30, மார்ச்ல அவங்கட மணிக்கூட முன்னுக்கு தள்ளினாப்பிறகு 6.30. அதாவது ஐரோப்பா ஃபுட்போல் மாதிரி நடுச்சாமத்தில கண் எரிய முழிச்சிருக்க தேவையில்ல, அவங்கட வெள்ளிக்கிழமை இரவு மட்ச் எங்களுக்கு சனி காலம்பற தேத்தண்ணியோட வந்திடும். சனி, ஞாயிறு, போயா நாள், இதுகள பிடிச்சு தொடங்குங்கோ. வேலை நாள்ல வெள்ளவத்தையில பஸ் ஏறி கோட்டைக்கு போறவங்களுக்கு காலி ரோட் டிரஃபிக்கில ஒரு முழு குவாட்டர் (மட்ச்ல நாலில ஒரு பங்கு) தாராளமா பாக்கலாம், இயர்போன் மட்டும் மறக்காதீங்கோ.

இப்ப முக்கியமான விசயம். பந்த பாக்காதீங்கோ. பாஸ்கட்போல் புதுசா பாக்கிற எல்லாரும் பந்துக்கு பின்னாலயே கண்ண ஓட்டுறது, மற்ற டீமுகளுக்கு அது ஓகே, ஆனா நக்கெட்ஸ அப்பிடி பாத்தா என்னடா இந்த டீம் இவ்வளவு மெதுவா விளையாடுது எண்டுதான் தோணும். பந்து இல்லாத நாலு பேர்தான் இந்த டீமின்ட அழகு.

அதுக்கு 15ஆம் நம்பர்ல தொடங்கோணும், நிக்கொலா ஜோகிச். 6 அடி 11 அங்குலம், ஆனா பெரிசா பாயவும் மாட்டார், வேகமா ஓடவும் மாட்டார், பாத்தா சந்தைக்கு சாமான் வாங்க வந்த மனுசன் மாதிரி இருப்பார், ஆனா சீசனின்ட சிறந்த வீரருக்கு குடுக்கிற எம்விபி விருத 2021, 2022, 2024 எண்டு மூண்டு தரம் வாங்கின ஆள். டீமுகள் புது வீரர்கள வரிசையா தெரிவு செய்யிற டிராஃப்ட்ல 2014ல 41ஆவதா எடுத்தவங்க, அந்த நேரம் டிவியில டாக்கோ பெல் எண்ட சாப்பாட்டுக் கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆள் சேர்பியாவில நித்திரை! இவர பாக்கேக்க கண்ண அவர்ட கையில வைங்கோ. ரிபவுண்ட் (உள்ள போகாம திரும்பி வாற பந்து) எடுத்து கால் நிலத்தில படுறதுக்கு முதலே அந்தப்பக்கம் ஓடுறவனுக்கு பந்து பறந்திருக்கும், தண்ணிக்குள்ள நிண்டு வாட்டர் போலோ விளையாடுற ஆக்கள் எறியிற மாதிரி ஒத்தக் கையால. அதே மாதிரி தப்பான கால்ல எம்பி பின்னுக்கு சாஞ்சு ஒரு ஷொட் போடுவார், அவர்ட ஊர்ப்பேர வச்சு அதுக்கு சொம்போர் ஷஃபிள் எண்டு பேர், எப்பிடி உள்ள போகுதெண்டு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சப்பாத்து நாடாவையும் ஒருக்கா சூம் பண்ணி பாருங்கோ, கல்யாண மோதிரத்த அதிலதான் கட்டி வச்சிருப்பார். குதிரை எண்டா உயிர். 2022ல எம்விபி கிடைச்ச செய்திய சொல்ல டீம் ஆக்கள் சொம்போர்ல இருக்கிற அவர்ட குதிரை லாயத்துக்கே போனவங்க, ஆள் குதிரை வண்டியில வந்து இறங்கி, விசயம் விளங்கினதும் கண் கலங்கிட்டார். 2023 ஃபைனல்ஸ்ல மயாமி டீம 4-1 எண்டு வெண்டு டீமின்ட முதலாவது சாம்பியன் பட்டத்த எடுத்த இரவு, வெற்றி ஊர்வலம் வியாழக்கிழமை எண்டு சொன்னதும் ஐயோ நான் வீட்ட போகோணுமே எண்டு முகம் வாடினவர். இப்பிடி ஒரு ஆள பிடிக்காம இருக்க ஏலுமா சொல்லுங்கோ.

அடுத்தது 27, ஜமால் மரே, கனடாப் பெடியன். ஜோகிச் வளையத்துக்கு முன்னால இருக்கிற ஃப்ரீ த்ரோ கோட்டுக்கிட்ட பந்தோட நிப்பார், மரே அவர உரசிக்கொண்டு ஓடிவந்து கையில இருந்தே வாங்குவார், மரேய மறிக்க ரெண்டு பேர் போனா ஜோகிச் உள்ளுக்க இறங்குவார், ஒருத்தன் மட்டும் போனா மரே அந்த இடத்திலயே நிண்டு அடிப்பார். ஒரு மட்ச்ல இத எத்தின தரம் செய்வாங்கண்டு எண்ணிப் பாருங்கோ, எல்லாருக்கும் தெரிஞ்ச விளையாட்டு, ஆனா மறிக்கிறதுதான் கஷ்டம். தூரத்தில இருந்து அடிக்கிற மூண்டு போயின்டர் விழுந்தா அம்பு விடுற மாதிரி கைய இழுப்பார். 2021ல முழங்கால் சவ்வு கிழிஞ்சு அடுத்த சீசன் முழுக்க விளையாடாம இருந்து திரும்பி வந்து 2023 ஃபைனல்ஸ் மூண்டாவது மட்ச்ல 34 போயின்ட்ஸோட டிரிப்பிள் டபிள் (மூண்டு கணக்கில பத்தோ அதுக்கு மேலயோ), அதே மட்ச்ல ஜோகிச் 32 போயின்ட்ஸ், 21 ரிபவுண்ட், 10 அசிஸ்ட் (போயின்ட்ஸா மாறின பாஸ்). இந்த மட்ச்ட ஹைலைட்ஸ முதல்ல பாருங்கோ.

ஏரன் கோர்டன் 32. முந்தி 50 போட்டவர், 2024ல தமையன் விபத்தில இறந்தபிறகு அவர்ட நம்பர எடுத்துக்கொண்டார். இவர் வளையத்துக்கு பின்னால மறைஞ்சு நிக்கிறத தேடிப்பிடியுங்கோ, ஜோகிச் மேல தூக்கிப்போடுவார், இவர் பாய்ஞ்சு குத்துவார். எங்கட நெட்போல்ல தர்ஜினி சிவலிங்கத்துக்கு உயர போட்டுக் குடுக்கிற பாஸ் ஞாபகம் வரும். 2025 ஏப்ரல்ல கிளிப்பர்ஸ் டீமோட பிளேஓஃப் (நொக்அவுட் தொடர்) நாலாவது மட்ச், கடைசி குவாட்டர்ல 22 போயின்ட்ஸ் முன்னுக்கு நிண்டத முழுசா விட்டுட்டாங்க, 99-99, கடைசி செக்கன்ல ஜோகிச் அடிச்சது வளையத்துக்கு எட்டேல்ல, கோர்டன் காத்திலயே பிடிச்சு டங்க்! நேரம் முடிஞ்சுதா இல்லையா எண்டு ரெஃப்ரிமார் ரீப்ளே பாத்து முடிக்கும் வரைக்கும் எனக்கு கை நடுக்கம் நிக்கேல்ல. 101-99. 2024ல லேக்கர்ஸ் டீமுக்கு மரே கடைசி செக்கன்ல அடிச்சு வெண்டதும் இதே 101-99தான்.

கிறிஸ்டியன் பிரவுன், எந்நேரமும் ஓட்டம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தோட 2022ல சாம்பியன், அடுத்த வருசமே நக்கெட்ஸோட சாம்பியன்.

வெளியூர் டீமுகள் டென்வருக்கு வந்து கடைசி குவாட்டர்ல மூச்சு வாங்குறதையும் கவனியுங்கோ, அந்த ஊர் 5,280 அடி உயரத்தில இருக்கு, கோர்ட்லயே அந்த இலக்கத்த எழுதி வச்சிருக்கிறாங்க. நுவரெலியா அதவிட உயரம், அங்க போய் மேட்டு ரோட்டில வேகமா ஏறினவங்களுக்கு இது வடிவா விளங்கும்.

ஹைலைட்ஸ் முடிச்சிட்டு ஒரு முழு மட்ச் பாருங்கோ. ஜோகிச் பெஞ்ச்ல போய் இருக்கிற அந்த கொஞ்ச நிமிசத்தில தேத்தண்ணி போட எழும்பிடாதீங்கோ, அதே ஆக்கள், அதே ஓட்டம், ஆனா வெட்டி ஓடுறவனுக்கு பந்து வராது, மரேட்ட ரெண்டு பேர் ஒட்டுவாங்க, முன்னுக்கு நிண்ட போயின்ட்ஸ் கடகடண்டு குறையும். பிறகு மனுசன் எழும்பி ஜக்கெட்ட கழட்டுவார், அதில இருந்து பந்த விட்டுட்டு மற்ற நாலு பேர பாருங்கோ.