பிள்ளைக்குக் காய்ச்சலா? முதலில் பேனாவை எடுங்கள்

ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் விசைப்படகுக்குப் போகும் என் போன்ற ஆட்களுக்கு அப்போது வலை தைப்பதும் பிள்ளை பார்ப்பதும்தான் வேலை. மனைவி ராமேசுவரத்தில் சிப்பிச் சாமான் கடைக்குப் போய்விடுவாள். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டரை வயது, 12 கிலோ. மத்தியானம் மருந்தை ஊற்றி வாயருகே கொண்டுபோனேன். அடுப்படியிலிருந்து அம்மா, "ஏம்ப்பா, நான் இப்பதானே கொடுத்தேன்" என்றார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் அது பெரியவனுடைய பாட்டில். அன்றைக்குத் தப்பித்தோம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதாமல் யாரும் மருந்து கொடுக்கக்கூடாது. என்ன மணி, காய்ச்சல் எவ்வளவு, எந்த மருந்து எத்தனை மில்லி, கொடுத்தது யார். பக்கத்தில் சிறுநீர் போன நேரம். அவ்வளவுதான்.

பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று ஒன்று, 250 என்று ஒன்று. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குக் கொடுப்பார்கள். 12 கிலோவுக்கு 180. அது 120 பாட்டிலில் ஏழரை மில்லி. அதே ஏழரையை 250 பாட்டிலில் ஊற்றினால் 375 ஆகிவிடும், இரண்டு மடங்குக்கும் மேல். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி, ஒரு மில்லியிலேயே 100 இருக்கும். அதனால் மருத்துவர் 'ஏழரை மில்லி' என்றால், எந்த பாட்டிலில் என்று கேட்டுத் தாளில் எழுதுங்கள். எங்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றார்கள். எப்படியும் நான்கு மணி நேரத்துக்குள் அடுத்தது கூடாது, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேலும் கூடாது. சமையல் கரண்டியில் அளக்காதீர்கள், மருந்தோடு வரும் அளவு மூடிதான் சரி.

அக்குளில் வியர்வையைத் துடைத்துவிட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டரை வையுங்கள். 100.4 டிகிரி வந்தால் காய்ச்சல். ஆனால் 102 இருந்தும் பிள்ளை விளையாடிக்கொண்டு, தண்ணீர் கேட்டுக் குடித்தால் மருந்துக்கு அவசரமே இல்லை. மருந்து எண்ணைக் குறைக்க அல்ல, பிள்ளையின் அனத்தலைக் குறைக்க. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. 100.4 வந்த உடனே ஆஸ்பத்திரி.

கச்சான் காற்று ஆகாது என்று அம்மா ஜன்னலைச் சாத்திக் கம்பளியால் போர்த்துவார். நான் திறந்துவிடுவேன். மெல்லிய பருத்திச் சட்டை போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கலாம், நடுங்கினால் நிறுத்திவிட வேண்டும். ஐஸ் தண்ணீர் வேண்டாம். சாப்பாட்டுக்கு வற்புறுத்த வேண்டியதில்லை. தாய்ப்பால், நொய்க்கஞ்சி, இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் சரி. வாந்தி, வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் உப்புச் சர்க்கரைப் பாக்கெட் கரைப்போம். அதில் எங்கள் கரைக்கு ஒரு கவனம் வேண்டும்: உவர்க்கிணற்றுத் தண்ணீரில் கரைக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. குடிக்க வாங்கிய தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கே கரைக்க வேண்டும்.

வலிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவனுக்கு ஒன்றரை வயதில் வந்தது. பல்லைக் கடித்துவிடுவான் என்று வாயில் கரண்டியைத் திணித்தோம். உதடு கிழிந்ததுதான் மிச்சம். கையில் சாவி கொடுத்ததும் வீண். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு இப்படி வரலாம், பெரும்பாலும் சில நிமிடத்தில் தானே நிற்கும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. சீக்கிரம் நின்றாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இங்கே தண்ணீர் விலைக்கு வாங்கி டிரம்மில் பிடித்து வைக்கிறோம். டெங்குக் கொசுவுக்கு அதுதான் தொட்டில். ராமேசுவரம் தீவில் மலேரியாவும் வெகுகாலமாக இருக்கிறது. அதனால் குளிர்நடுக்கம் இருந்தாலோ, இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள். டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் தீரும்வரை பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம். ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் கலந்ததை மெடிக்கலில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆஸ்பிரின் எந்தக் காய்ச்சலிலும் பிள்ளைகளுக்குக் கூடாது.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் மோசம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை தாளை நிறுத்தாதீர்கள். உடம்பு ஆறிவிட்டதே என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் என்று ஆரம்பிக்கலாம். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுப்பினால் எழவில்லை, கழுத்து விறைக்கிறது, நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்குகிறது என்றாலும் காத்திருக்க வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 மூச்சு, இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் 50. அதைத் தொட்டால் வேகம்தான். தூங்கும்போது வயிற்றைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.

கிளம்பும்போது தாளையும் மருந்து பாட்டிலையும் சேர்த்து எடுத்துப் போங்கள். சின்னவளைக் காட்டப் போனபோது மருத்துவர் எங்கள் காலண்டர் தாளை வாங்கித்தான் முதலில் படித்தார். படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு யார் முழிச்சிருந்தது?"

நான்தான்.